‘டெக்ஸ்ட் மைனிங்’: சுரங்கம் வேண்டாம், முறம் போதும்

போன வாரம் ஆந்திராவின் குப்பம் ஊரில் ஊறுகாய், மாம்பழக்கூழ் விற்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தில் ‘வாடிக்கையாளர் உரைச் சுரங்கம் வழி வணிகப் புத்தாக்கம்’ என்று அச்சாகியிருந்தது. பக்கத்து நாற்காலி ஊறுகாய்க்காரர் என்னிடம் குனிந்து, “ஏன் அண்ணா, கோலாரைத் திரும்பத் திறக்கிறாங்களா?” என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர் தாத்தாவும் என் தாத்தாவும் அங்கே இறங்கி வேலை பார்த்தவர்கள். 2001 பிப்ரவரி 28-இல் மூடிய தங்கச் சுரங்கம் அது. திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

ஆங்கிலத்தின் ‘டெக்ஸ்ட் மைனிங்’தான் அழைப்பிதழில் ‘உரைச் சுரங்கம்’ ஆகியிருந்தது. சங்கதி இதுதான். வாட்ஸ்அப் செய்தி, போனில் வந்த புகார், இணையத்தில் எழுதிய குறைநிறை எல்லாவற்றையும் கணினியில் கொட்டி, எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது. அதை வைத்து அடுத்த சரக்கை எப்படி மாற்றலாம் என்று முடிவெடுப்பது. ‘டெக்ஸ்ட்’ நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நம் ‘நூல்’ மாதிரி. ‘உரை’ பேச்சுக்கும் எழுத்துக்கும் பொருந்தும். அதில் சண்டை இல்லை.

சண்டை சுரங்கத்தோடு. சுரங்கம் ஓர் இடம், செயல் அல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் போவது யானைகள் போகும் ‘சுருங்கை வீதி’ வழியாக. அங்கே யாரும் எதையும் தோண்டவில்லை, அது வெறும் வழி. இன்றும் ரயிலடிச் சுரங்கப்பாதையில் நடக்கத்தான் செய்கிறோம். தவிர, பொன் கிடைத்தால் பொற்சுரங்கம், நிலக்கரி கிடைத்தால் நிலக்கரிச் சுரங்கம். உரைச் சுரங்கம் என்றால் உரை கிடைக்கும் குழி என்றுதானே ஆகும்? நமக்கு வேண்டியது உரையா? அது கைநிறைய இருக்கிறது. ஆங்கிலப் பெயரிலேயே இந்தக் கோணல் உண்டு. பொன் எடுப்பதைப் பாறையின் பெயரால் சொல்வதில்லையே, ‘தரவு மைனிங்’ மட்டும் ஏன் என்று ஜியாவெய் ஹான், மிஷலின் காம்பர் எழுதிய அத்துறைப் பாடநூலே குறைப்படுகிறது. மூலத்தின் கோணலையும் சேர்த்துத் தமிழில் இறக்குவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு? அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த பக்கம் போகிறவர்களுக்குப் பக்கக் கணக்கில் கூலி வேறு.

‘உரை அகழ்வு’ என்பாரும் உண்டு. தேவலாம், வள்ளுவரின் ‘அகழ்வாரை’யில் இருக்கும் நல்ல வினை. ஆனால் கீழடிக்குப் பிறகு அகழ்வு என்றாலே கண்முன் பானை ஓடுதான். அதுவும் தோண்டுவதை மட்டுமே சொல்கிறது, பிரிப்பதைச் சொல்லவில்லை.

பிரிப்பதில்தான் வேலையே. ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘மூடிய தெறக்க முடியல’ என்பார், இன்னொருவர் ‘மூடில எண்ண ஒழுகுது’ என்பார். எங்கள் பக்கம் தெலுங்கைக் கலந்து ‘மூத சரியில்ல’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. மூன்றும் ஒன்று என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘வந்தேன், கடை மூடி இருந்துச்சு’ என்பதில் வரும் ‘மூடி’யோ வேறு, அது அரிசியில் கிடக்கும் கல் மாதிரி, பொறுக்கி வெளியே போட வேண்டும். எஞ்சியதைப் பார்த்தால் அடுத்த லோடுக்கு அகலமான மூடி வாங்கலாமா என்று தெரியும்.

இதை என் பாட்டி முறத்தில் தினமும் செய்தாள்: கொழித்தல். அரிசி ஒரு பக்கம், கல்லும் குறுநொய்யும் ஒரு பக்கம். ஆறு பொன் கொழிக்கும் என்பதும் இதே சொல்தான், தங்கமும் கைவிட்டுப் போகவில்லை. ‘அரித்தல்’ என்றும் யோசித்தேன். ‘அரிப்பு’ என்று சுருக்கினால் சொறியத் தோன்றுகிறது. ஆகவே ‘உரை கொழித்தல்’.

ஊறுகாய்க்காரருக்குப் பிடித்துப்போய், அங்கேயே வியாபாரிகள் குழுவில் போட்டார். எட்டிப் பார்த்தேன்: ‘உரை கொழுத்தல்’.