டிஸ்டார்ஷன்: சிதைவா, திரிபா?

மேடைக் கிட்டாரைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் சரி, கச்சேரி விமர்சனமோ பேட்டியின் மொழிபெயர்ப்போ, மின் கிட்டாரின் கரகரத்த ஓசையைக் குறிக்கும் டிஸ்டார்ஷன் என்ற ஆங்கிலச் சொல் வரவேண்டிய இடத்தில் 'ஒலிச்சிதைவு' வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'ஒலிச்சிதைவுப் பெடலை அழுத்தியதும் அரங்கமே எழுந்து ஆடியது' என்கிற மாதிரி ஒரு வரி. ஒலி சிதைந்தால் அரங்கம் ஏன் ஐயா ஆடுகிறது? டிக்கெட் காசைத் திருப்பித் தா என்றல்லவா கேட்க வேண்டும்?

வேரை முதலில் முடித்துவிடுவோம். லத்தீனில் 'டோர்குவேரே' என்றால் முறுக்குதல். முன்னால் 'டிஸ்' சேர்ந்து, அப்படியும் இப்படியுமாக முறுக்குதல் என்றாயிற்று. எஞ்சின்காரர்கள் சொல்லும் டார்க்கும் இதே வீட்டுப் பிள்ளைதான். உடைதல், நொறுங்குதல், அழிதல் எதுவும் இந்த வேரில் கிடையாது.

சரி, வேரைப் பார்த்து மட்டும் சொல் ஆக்கக் கூடாது. மேடையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சிறிய மின் அலை. ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், அதைப் பெருக்குகிறது. எந்த மின்சுற்றுக்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் தள்ளினால் அலையின் முகடு ஏற இடமில்லாமல் தட்டையாகிவிடும். காலடியில் இருக்கும் பெடலும் இந்த வேலையைத்தான் தன் சின்னப் பெட்டிக்குள் டயோடு, டிரான்சிஸ்டர் வைத்துச் செய்கிறது. முகடு தட்டையாவதால் தந்தியில் மெலிதாக இருந்த மேல்சுரங்கள் (மூலச் சுருதியின் மடங்குகள்) பலமடைகின்றன, இல்லாதவையும் வந்து சேர்கின்றன. மேலும் கீழும் ஒரே அளவாக வெட்டினால் மூலச் சுருதியின் 3 மடங்கு, 5 மடங்கு என்று ஒற்றைப்படைகள் வரும். ஏறுக்கு மாறாக வெட்டினால் இரட்டைப்படைகளும் கூடவே வரும்.

இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் இன்னும் வேடிக்கை. 110 ஹெர்ட்ஸில் ஒன்று, 165 ஹெர்ட்ஸில் ஒன்று, அதாவது ச-வும் ப-வும். வரம்பை மீறிய ஆம்புக்குள் இவை கலந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 55 ஹெர்ட்ஸும் பிறக்கிறது. அது கீழ் ஸ்தாயி ச. யாரும் மீட்டாத சுரம்! ராக் கிட்டார்காரர்கள் 'பவர் கார்டு' என்று ச-ப ஜோடியையே பிடித்துத் தொங்குவதற்கு இதுவே காரணம். நடுவில் காந்தாரத்தையும் சேர்த்தால் பிறக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று இடித்துக் குழம்பிவிடும். இன்னொன்று, முகடுகள் வெட்டுப்படுவதால் தந்தியின் முதல் அடிக்கும் அது தேயும் நேரத்துக்கும் உள்ள ஓசை வித்தியாசம் குறைந்து, சுரம் நீண்டு நிற்கிறது.

இவ்வளவு புதிதாக வந்து சேருகிற நிகழ்வுக்குச் 'சிதைவு' என்று பெயர் வைத்தால் எப்படி? சிதைவு என்றால் இருந்தது போக வேண்டும். சிதைந்த கோட்டை, சிதைந்த சுவடி என்று சொல்கிறோமே, அங்கெல்லாம் ஏதோ ஒன்று குறைந்துபோயிருக்கிறது. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் நூலைச் செருகி, மேல்சுரங்கள் ரீங்கரிக்கும்படி வேண்டுமென்றே சரிசெய்கிறோம். அதைக் கேட்டு யாராவது 'ஆகா, என்ன சிதைவு' என்கிறோமா?

சிதைவுக்காரர்களிடம் ஒரு வாதம் உண்டு. வலுவானதுதான். இந்த ஓசையே உடைந்த சாமானில் பிறந்ததுதானே என்பார்கள். உண்மை. 1951-ல் மெம்ஃபிஸில் ஐக் டர்னரின் குழு 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்தபோது, வழியில் சேதப்பட்ட ஆம்போடுதான் கிட்டார்காரர் வில்லி கிஸார்ட் வாசித்தார். 1964-ல் இலண்டனில் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறினார். ஆனால் கிழிந்தது கூம்பு. ஒலி கிழியவில்லை. கூம்பு சிதைந்தது, ஒலி திரிந்தது.

இதை எனக்காகவே நிரூபித்ததுபோல நாஷ்வில்லில் ஒன்று நடந்தது. 1961-ல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றில் கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ், பழுதான மிக்ஸர் சேனல் வழியாகப் போய் முரமுரவென்று பதிவானது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்த ஓசையைத் தரும் ஒரு மின்சுற்றைக் கட்டினார். 1962-ல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெட்டியாகவே விற்றது. பெட்டிக்குள் எதுவும் உடைந்திருக்கவில்லை. எதுவும் உடையாமலே அந்த ஓசை வருகிறது என்றால், சிதைவு என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

எனக்குச் சரியாகப்படும் சொல் திரிபு. கயிறு திரிக்கிறோம், விளக்குக்குத் திரி போடுகிறோம். எல்லாம் முறுக்கல்தான். லத்தீன் வேரும் தமிழ் வேரும் ஒன்றையே சொல்கின்றன. சொற்கள் சேரும்போது வரும் மாற்றமான விகாரத்தை நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆனால் அது திரிதல். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது 'ம்' போய்விடுகிறதே, அது கெடுதல். மாறுவதும் இழப்பதும் வேறு வேறு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டு, கிட்டாரைக் கண்டதும் மறந்துவிடுகிறோம். தொல்காப்பியத்தில் திரிசொல் என்றே ஒரு வகை இருக்கிறது. புலவர்கள் செய்யுளுக்கென்று எடுத்து ஆளும் சொல் அது, குறைபட்ட சொல் அல்ல.

திரிபில் குறை இல்லையா? இருக்கிறது. பால் திரிந்துவிட்டது என்போம், வரலாற்றுத் திரிபு என்று சண்டை போடுவோம். ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே கெட்ட பெயர் உண்டே. உண்மையை வளைப்பதற்கும் அதைத்தான் சொல்கிறார்கள். வீட்டு ஸ்டீரியோவில் டிஸ்டார்ஷன் குறையக் குறைய விலை கூடும். கிட்டாரில் கூட்டுவதற்குத் தனியாகக் காசு கொடுக்கிறோம். அந்த இரட்டை முகமும் திரிபில் அப்படியே வந்துவிடுகிறது.

'இரைச்சல்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது வேறு விஷயம். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் புகுந்து 'ம்ம்ம்' என்று முனகுகிறதே, அது இரைச்சல். வாசிப்பதை நிறுத்தினாலும் அது கேட்கும். வாசிக்காவிட்டால் திரிவதற்கு ஒன்றுமே இல்லை.

இந்த நோய் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. அகராதியில் முதலில் இருக்கும் பொருளை அள்ளிப் போடுவதுதான் மொழிபெயர்ப்பு என்று ஆகிவிட்டது. எவ்வளவு பெருக்க வேண்டும் என்று திருகி வைக்கிற கெயின் குமிழ் 'ஆதாயக் குமிழ்' ஆகிறது, ஏதோ கடைக் கணக்குப்போல. எஃபெக்ட்ஸ் பெடல் 'விளைவு மிதி' ஆகிறது. ஆம்பை ஒலிபெருக்கி என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஸ்பீக்கர் வந்ததும் அதற்கும் ஒலிபெருக்கி! ஆம்பைப் பெருக்கி என்று விட்டாலே போதும். இதைவிட, மேடையில் வாசிக்கிற பையன்கள் சொல்வதுபோல ஆம்ப், பெடல் என்றே எழுதிவிடலாம். தப்பான தமிழைவிடக் கடன் சொல் எவ்வளவோ மேல்.

திரிபை ஏற்றுக்கொண்டால் ஜோடியும் தானாகக் கிடைக்கிறது. ஒலியைத் திரிக்காமல் விடும் கிளீன் சேனலைத் 'தூய ஒலி' என்றால் மற்றது அழுக்கு என்று ஆகிவிடும். இயல்பொலி, திரிபொலி என்று வைத்துக்கொள்ளலாம். வால்வ் ஆம்பைக் கொஞ்சம் மிஞ்சவிட்டால் முகடு மழுங்கி வருகிற ஓவர்டிரைவை மென்திரிபு என்றும், சட்டென்று வெட்டுவதை வன்திரிபு என்றும் பிரிக்கலாம். முகடும் அடியும் தட்டையாகி அலை கிட்டத்தட்டச் சதுரமாகிவிடும் ஃபஸ்ஸுக்கு நல்ல சொல் கிடைக்கும்வரை ஃபஸ் என்றே இருக்கட்டும். அதையும் யாராவது 'பஞ்சுத்தன்மை' என்று எழுதுவதற்கு முன்னால் சொல்லி வைக்கிறேன்.