காய்ந்த பயோப்சியைக் குப்பையில் போடாதீர்கள்

திசு ஆய்வுகூடத்திலிருந்து மறுபடியும் அதே அழைப்பு. இரவு மின்சாரம் போய், ஜெனரேட்டரும் எடுபடாமல், திசு பதப்படுத்தும் மெஷின் பாதியில் நின்றிருக்கிறது. திரவம் வடிந்த தொட்டியில், கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில், பயோப்சிக்கு எடுத்த திசுத் துண்டுகள் வைத்த சின்னப் பெட்டிகள், அதாவது கசெட்டுகள், விடியும்வரை கிடந்திருக்கின்றன. "துண்டெல்லாம் கறுத்துச் சுருங்கிப் போச்சு. வேற பயோப்சி எடுக்கச் சொல்லி வார்ட்டுக்குச் சொல்லட்டா?"

சொல்லாதீர்கள். வெருகலிலிருந்து பஸ் ஏறி வந்து மார்பில் ஊசி குத்தக் கொடுத்த அம்மாவைத் திரும்பவும் வரச்சொல்வது இலேசான காரியமா? சின்னக் கட்டியை முழுதாக வெட்டியிருந்தால், இரண்டாம் முறை எடுக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

காய்ந்தால் கதை முடிந்தது என்ற நினைப்பை என்னால் பொறுக்கவே முடியவில்லை. எகிப்திய மம்மிகளின் திசுவையே இளக்கி வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். சுமார் மூவாயிரம் ஆண்டு காய்ந்துகிடந்த சிறுநீரகத்தில் சிஸ்டோசோமா புழுவின் முட்டைகளைக் கண்டதாக மார்க் அர்மண்ட் ரஃபர் என்ற மருத்துவர் 1910இல் எழுதினார். மம்மித் திசுவை இளக்க அவர் கையாண்ட அற்ககோல், சோடியம் காபனேற்றுக் கரைசலில், திசுவை அழுகாமல் காக்கும் ஃபோமலினையும் சேர்த்துச் சாண்டிசன் என்ற நோயியலாளர் 1955இல் வெளியிட்டார். 96% அற்ககோல் 30 பங்கு, 1% ஃபோமலின் 50 பங்கு, 5% சோடியம் காபனேற்று 20 பங்கு, அவ்வளவுதான். ஊறப்போட்ட கருவாடுபோல் துண்டு இளகும். நம்முடையதோ ஏற்கெனவே ஃபோமலினில் பதப்பட்ட திசு, ஒரே இரவில் காய்ந்தது. கலத்தின் உட்கருவில் நுணுக்கம் கொஞ்சம் மங்கலாம். புற்றுநோயா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சரி, மெஷின் நின்றால் உடனே மறுபடி ஓடவிடாதீர்கள். திசு அதில் ஃபோமலின், அற்ககோல், சைலீன், மெழுகு என்ற வரிசையில் போகும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள். ஃபோமலினில் என்றால் பதற்றம் வேண்டாம். ஆனால் மார்பகத் திசு மொத்தம் 72 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையைத் தெரிவுசெய்ய உதவும் ஹோர்மோன் ஏற்பிச் சோதனை பாழாகும். செறிந்த அற்ககோலில் நின்றிருந்தால் 70 சதவீதத்துக்கு மாற்றுங்கள். சைலீனிலோ அரைகுறை மெழுகிலோ என்றால் வந்த வழியே பின்னோக்கிப் போங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் புதிய திரவத்தில். மெஷினில் இருந்த பழைய திரவங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும், அவற்றை நம்பவேண்டாம்.

அப்புறம், காய்ந்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சாண்டிசன் கரைசலில் ஊறப்போடாதீர்கள். கருப்பை போன்ற பெரிய மாதிரியில் ஒரு துண்டை முதலில் பரீட்சித்துப் பாருங்கள். நூல்போன்ற ஊசிப் பயோப்சி கடைசியில். பெரிய மாதிரியின் துண்டு பாழானாலும், மிஞ்சிய திசுவில் இன்னொன்று வெட்டலாம். அதற்காகத்தான் கெஞ்சுகிறேன்: அறிக்கை போகும்வரை ஃபோமலின் போத்தலில் மிஞ்சிய திசுவைக் கொட்டாதீர்கள். நடந்ததைப் பதிவேட்டில் எழுதி, திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் பத்தோலஜிஸ்ட்டிடம் சொல்லிவிடுங்கள். வார்ட்டில் உள்ள தாதி மிஸ்ஸிமாரே, நோயாளியிடம் எதுவும் சொல்வதற்கு முன் எங்களுக்கு ஒரு தடவை அழையுங்கள்.