லிக்விட் பயப்சி: உடல்நீர்த் தடய ஆய்வு

நோயறிய உடலிலிருந்து சதைத்துண்டு எடுத்துப் பார்ப்பது 'பயப்சி'. சொல் கிரேக்க வேர்ச்சொற்களால் ஆனது: 'பியோஸ்' உயிர், 'ஓப்சிஸ்' பார்வை. பிரெஞ்சுத் தோல்நோய் மருத்துவர் ஏர்னெஸ்ட் பெஸ்னியே 1879இல் இதை வழக்குக்குக் கொண்டுவந்தார். வன்னியில் "சதை எடுத்து அனுப்பியிருக்கு" என்பார்கள். அகராதியைவிடத் தெளிவு.

'லிக்விட் பயப்சி' 2010இல் வந்த பெயர். இதில் சதையே எடுப்பதில்லை, குருதி போன்ற உடல்நீரில் புற்றின் டிஎன்ஏ துணுக்கைத் தேடுவார்கள். அதனால் 'உடல்நீர்த் தடய ஆய்வு' என்று பெயர்த்தேன். 'திரவ இழையப் பரிசோதனை' என்று பெயர்த்தால் இரட்டைக் குழப்பம்: இழையம் இல்லை, நமது பள்ளிப் பாடநூலில் 'திரவவிழையம்' குருதியின் மஞ்சள் நீர்ப்பகுதி. வேடிக்கை என்னவென்றால், தேடும் பொருள் கிடப்பதும் அதற்குள்தான்.

மார்பகப் புற்று எலும்புக்கோ ஈரலுக்கோ பரவியபின், இறக்கும் புற்றுக்கலங்கள் தம் டிஎன்ஏயைத் துணுக்குகளாகக் குருதியில் விடுகின்றன. ஒன்று சுமார் 166 மூலச்சோடி (டிஎன்ஏ ஏணியின் படி) நீளம். இரண்டு மணித்தியாலம் அளவில் பாதி அழிந்துவிடும். ஆகவே இன்றைய குருதி இன்றைய நோயைச் சொல்லும். ஐந்து வருடத்துக்கு முந்திய சதைத்துண்டு சொல்லாது. ஈஸ்ட்ரோஜன் ஓமோனைக் குறைக்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளை நீண்டகாலம் எடுத்தவர்களிடம் பின்னர் தோன்றும் ஈஎஸ்ஆர்1 (ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு) விகாரம் இப்படித்தான் பிடிபடுகிறது. அதற்கென்றே எலசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரை 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பரிசோதனை கெடுவது பெரும்பாலும் குருதி எடுக்கும் குழாயில். உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் இட்ட குழாய் கூடாது, டிஎன்ஏயைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரைத் தடுக்கும். ஊதாமூடி ஈடிடிஏ (இன்னொரு உறைவுத் தடுப்பான்) குழாயென்றால் சில மணித்தியாலத்துக்குள் சுழற்றிப் பிரிக்க வேண்டும். வவுனியாவில் எடுத்துக் கொழும்புக்கு அப்படியே ஏற்றினால் வழியில் வெண்குருதிக் கலங்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏ புற்றின் துணுக்கை மூழ்கடிக்கும். கலங்களை உடையாமல் காக்கும் தனிக்குழாய் பல நாள் தாங்கும். ஆனால் ஐஸ் ஆகாது, 37 பாகைக்கு மேலும் ஆகாது. வெயிலில் நிறுத்திய வாகனம் அதைத் தாண்டிவிடும். குழாயைக் குலுக்காமல் எட்டுப் பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு 1,600 ஜீயில் (புவியீர்ப்பின் 1,600 மடங்கு விசையில்) பத்து நிமிடம் சுழற்ற வேண்டும். மேல்நீரை மட்டும் எடுத்து 16,000 ஜீயில் இன்னொரு பத்து.

'காணவில்லை' என்ற முடிவு 'நோயில்லை' ஆகாது. கட்டி குறைவாக உதிர்த்தாலும் அப்படி வரும். அப்போது சதைத்துண்டைத்தான் பார்க்க வேண்டும். மூளையுறைக்குப் பரவியிருந்தால் குருதியைவிட முதுகில் ஊசி போட்டு எடுக்கும் மூளைமுண்ணாண் பாய்பொருள் (மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த நீர்) அதிகம் சொல்லும். 'குருதி'யை விட்டு 'உடல்நீர்' என்றது அதற்காகவே.

'தடயம்' என்றதும் இங்கே பொலிஸ் நினைவு வரும். எழுத்தில் இருக்கட்டும். கிளினிக்கில் "இரத்தத்தில புற்றின்ர துணுக்குத் தேடுறம், அம்மா" போதும்.