வஹாக்கா சமையல் வகுப்பு: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

மெக்சிகோவின் வஹாக்கா நகரில் சமையல் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் சந்தை, மதியம்வரை அடுப்படி, அதன்பின் சமைத்ததையெல்லாம் வரிசையாகச் சுவைக்கும் விருந்து. விளம்பரப் படங்களை வைத்து எது நல்ல வகுப்பு என்று சொல்லவே முடியாது. ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மக்காச்சோளத்தை எப்போது ஊறவைக்கிறீர்கள்?" முந்தின இரவே என்றால் தயங்காமல் பதிவு செய்யலாம். "மாவு தயாராக இருக்கும்" என்றால், மில்லில் அரைத்த ஈர மாவா, பாக்கெட் மாவா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பாக்கெட் மாவிலும் டோர்ட்டியா எனும் மெல்லிய சோள ரொட்டி வரும், தவறில்லை. ஆனால் நாள் முழுக்கக் கட்டணம் வாங்கும் வகுப்பில் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

காரணம், மெக்சிகோ சமையலின் அடித்தளமே நிக்ஸ்தமால் எனப்படும் சுண்ணாம்பில் வெந்த சோளம்தான். 1 கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்பு. கொதி வருவதற்குச் சற்று முன் தீயைக் குறைத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரணும். நடுவே இன்னும் கடினமாக இருக்கணும். அந்தப் பதத்தில் அடுப்பை அணைத்து, மூடி, 8 முதல் 12 மணி நேரம் அப்படியே விடுகிறார்கள். காலையில் மஞ்சள் கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு அலசி அரைப்பது. பாத்திரம் எஃகு, எனாமல் அல்லது மண்ணாக இருக்கட்டும். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும்.

தவறு நேர்வது பெரும்பாலும் மூன்று இடங்களில். சுண்ணாம்பு கூடினால் மாவில் சோப்பு வாடை, நாக்கில் கசப்பு. அதிகம் வெந்துவிட்டால் மாவு பசையாகி விரலில் ஒட்டும். மூன்றாவது, சுத்தம் பார்த்துச் சோளத்தின் தோலை ஒன்றுவிடாமல் கசக்கிக் கழுவிவிடுவது. மாவைப் பிடித்துவைப்பதில் அந்தக் கரைந்த தோலுக்கும் பங்குண்டு. முழுக்கப் போய்விட்டால் டோர்ட்டியா ஓரம் வெடிக்கும். நம் கடைகளில் கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளைப் பொடி வெறும் மாவுச்சத்து. அதில் எத்தனை முறை முயன்றாலும் டோர்ட்டியா வராது.

சுண்ணாம்பு சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலுக்குச் சேராத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை அதை விடுவிக்கிறது. சோளத்தைக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் இந்த முறையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியது. 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் அதைப் பதிவு செய்தார்.

வேதியியல்படி இது வெற்றிலைக்குத் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. அதற்காகச் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையோ சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ வீட்டில் பயன்படுத்திவிடாதீர்கள். கல் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். வகுப்பிலும் பொடியைக் கரைக்கும்போது முகத்தைக் குனிந்து வைக்காமல் தள்ளி நில்லுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடிக் கண் வெந்த குழந்தைகளை நம்மூர்க் கண் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டோர்ட்டியா தட்டும் கட்டம் சுலபமாகத் தெரியும், அங்கேதான் எல்லோரும் திணறுவார்கள். எலுமிச்சை அளவு, சுமார் 30 கிராம் உருண்டை. கொழுக்கட்டை மாவின் மென்மை இருக்க வேண்டும். அமுக்கினால் ஓரம் விரிசல் விட்டால் கையை ஈரமாக்கிப் பிசையுங்கள். பிளாஸ்டிக் தாளில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். கோமால் எனும் தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் பக்கம் 15 முதல் 20 நொடி, ஓரம் லேசாகத் தூக்கியதும் திருப்பி ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, மறுபடி திருப்பி நடுவில் விரலால் மெல்ல ஒரு அழுத்து. உப்பி வந்தால் மாவும் சூடும் சரி. முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டால் மேல்தோல் காய்ந்து பிறகு உப்பவே உப்பாது. எடுத்தவுடன் தின்ன அவசரப்படாமல் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். உள்ளே தங்கும் ஆவிதான் அதை மிருதுவாக்குகிறது.

மோலே: மூன்று மணி நேரத்தில் முடியாத வேலை

மோலே என்பது மிளகாயும் மசாலாவும் அரைத்துச் செய்யும் கெட்டிக் குழம்பு. வஹாக்காவின் ஏழு மோலேக்களில் கறுப்பு மோலேதான் எல்லோரும் கற்க விரும்புவது, மூன்று மணி நேர வகுப்பில் முழுதாகச் சொல்லித்தர முடியாததும் அதுவே. சில்வாக்ளே, முலாத்தோ, பசியா என்று பல வகைக் காய்ந்த மிளகாய். எள், பாதாம், நிலக்கடலை, உலர்திராட்சை, நேந்திரம் போன்ற வாழைப்பழம், ரொட்டி, தக்காளி, உறை மூடிய பச்சை மில்தொமாத்தே, கிராம்பு, பட்டை, ஆரிகானோ, கடைசியில் சாக்லேட். ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். எள்ளையும் பாதாமையும் ஒன்றாகப் போட்டால் எள் கருகியபின்தான் பாதாம் சிவக்கும். அரைத்த விழுதைக் கொழுப்பில் வதக்கி, ஸ்டாக் எனும் கறிச்சாறு சேர்த்துச் சிறுதீயில் மணிக்கணக்கில் கிளற வேண்டும். ஆகவே ஒரே நாளில் கறுப்பு மோலே, தமாலே எனும் ஆவியில் வேகும் சோளமாவுக் கொழுக்கட்டை, இனிப்பு எல்லாம் உண்டு என்று ஒரு வகுப்பு சொன்னால், விழுது முன்பே அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்பது உணவைக் காட்டும் வகுப்பைவிட மூன்றை முழுதாகச் செய்யவைக்கும் வகுப்புக்குத்தான் எங்கள் ஓட்டு. குறைந்த நேரத்தில் மோலே கற்க ஆசையென்றால் மஞ்சள் அல்லது பச்சை மோலேயைக் கேளுங்கள்.

மிளகாய் வறுக்கும்போது கவனம் தேவை. பிற மோலேக்களுக்கு ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள் போதும். வாசம் எழும்போதே எடுத்துவிட வேண்டும், கருகினால் கசப்பு. கறுப்பு மோலேக்கோ மிளகாயையும் அதன் விதையையும் ஒரு டோர்ட்டியாவோடு சேர்த்து வேண்டுமென்றே கருக்கிப் பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பை இறக்குகிறார்கள். அந்தப் புகை மூச்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லி வெளியே போய்விடுவது நல்லது. வேலையே திறந்த முற்றத்தில் நடந்தால் இன்னும் நல்லது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்று கண்ணாடியோடு வாருங்கள். மிளகாய் நரம்பு எடுத்த கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட வேண்டும்.

மேலே உள்ள பட்டியலை ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். நிலக்கடலை, பாதாம், எள், கோதுமை ரொட்டி நான்கும் ஒரே குழம்பில் இருக்கின்றன, அரைத்தபின் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இறால் ஒவ்வாமை இருப்பவர்கள் வறுத்த வெட்டுக்கிளியை, அங்கே சப்புலீனெஸ், தொடாதீர்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் இரண்டிலும் ஒத்தது.

சைவம் என்றால்

"சின் கார்னே", கறி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் கோழி வரும். அங்கே பேச்சுவழக்கில் அந்தச் சொல் பெரும்பாலும் மாட்டு, பன்றி இறைச்சியையே குறிக்கும். கோழியும் வேண்டாம், கோழி ஸ்டாக்கும் வேண்டாம், "சின் மன்தேக்கா", அதாவது பன்றிக்கொழுப்பும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். தட்டிலேயும் பாருங்கள். த்லாயூதா என்னும் பெரிய மொறுமொறு டோர்ட்டியாவில் அவரைப்பருப்பு விழுதுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் மணல்மணலாக ஒரு பூச்சு இருக்கும். அதன் பெயர் அசியெந்தோ, பன்றித்தோல் பொரித்த சட்டியின் அடிக்கசடு. தக்காளிச் சோறும் பல சமயம் கோழி ஸ்டாக்கில் வெந்தது. தமாலே மாவு லேசாக வருவதே கொழுப்பை அடித்துச் சேர்ப்பதால். எண்ணெயில் செய்யலாம், முந்தின நாளே சொன்னால். மெஸ்கால் என்னும் ஆகாவே கற்றாழை மதுவோடு ஆரஞ்சுத் துண்டில் தூவித் தரும் செந்நிற உப்பில் கற்றாழைப் புழு அரைபட்டிருக்கிறது. எலுமிச்சையும் சாதா உப்பும் கேட்டால் தருவார்கள்.

மெஸ்கால் சுவைப்பு பல விருந்துகளில் கட்டணத்திலேயே அடக்கம். 48 சதவீத மெஸ்கால் 15 மில்லி வீதம் ஆறு கோப்பை என்றால் சுமார் 34 கிராம் சுத்த ஆல்கஹால். கோப்பை சிறிதாக இருப்பதால் கணக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் குடியுங்கள், வண்டியைத் தொடாதீர்கள். லேபிளில் கற்றாழை வகை, ஊர், ஆல்கஹால் சதவீதம், லாட் எண் இல்லாத புட்டியை மரியாதைக்காகக்கூட ஏற்க வேண்டாம்.

நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. கறுப்பு அவரை வேக நேரமாகும். பசிக்கு அவசரப்பட்டு அரைவேக்காட்டில் இறக்கினால் வயிறு படுத்திவிடும். காலையில் செய்த மோலேயும் அவரையும் இரவு விருந்துவரை மேசையிலேயே கிடந்தால் சாப்பிடாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், அல்லது குளிரூட்டி, மறுபடி தளதளவென்று கொதிக்கவைத்துப் பரிமாற வேண்டும். பச்சை மல்லியையும் கீரையையும் எதில் கழுவினார்கள், பாலாடைக்கட்டி பாஸ்சரைஸ் செய்த பாலா என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டாவது கேள்வி கட்டாயம்.

உணவு பரிமாறும் தட்டு எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். மெக்சிகோவில் குறைந்த சூட்டில் சுட்ட பளபளப்பான மண்பாண்டங்களுக்கு ஈயம் கலந்த மெருகு பூசுவது பழைய வழக்கம். அத்சோம்பா ஊரின் அழகான பச்சைப் பாண்டங்களும் அந்த மரபில் வந்தவையே. தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு பட்டால் ஈயம் கசிந்து உணவில் இறங்கும். குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து. "லிப்ரே தே ப்ளோமோ", ஈயமற்றது, என்று உறுதி சொல்பவரிடம் வாங்குங்கள். மற்றவை அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும். மெருகில்லாத மண் கோமாலுக்கு இந்தக் கவலை இல்லை.

ஊருக்குக் கொண்டுவர மோலே விழுது வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் விமானநிலையப் பாதுகாப்பில் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் இரண்டு பைகளுக்குள் கட்டி வையுங்கள். எண்ணெய் பிரிந்து கசியும். வீட்டில் 100 கிராம் விழுதை ஒரு ஸ்பூன் எண்ணெயில் மணம் வரும்வரை வதக்கி, சுமார் 250 மில்லி சூடான ஸ்டாக்கைச் சிறிதுசிறிதாக ஊற்றிக் கரையுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும்.