திரையில் சிதறும் கட்டங்கள்: கோளாறு எங்கே இருக்கிறது?

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அண்ணன் மகன், சென்ற மே மாதத்தில் ஒரு பிற்பகல், கைப்பேசியில் எடுத்த புகைப்படம் ஒன்றை அனுப்பி, "சித்தப்பா, கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு போல" என்று எழுதியிருந்தான். விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த திரை முழுவதும் பச்சையும் ஊதாவுமாகச் சிறு கட்டங்கள், கோரைப்பாய் நெசவு போல ஒழுங்கான இடைவெளியில் பரவியிருந்தன. விளையாட்டுக் கணினியில் பெரும்பாலும், திரைக்கான படத்தை உருவாக்கும் அந்தக் கார்டுதான் விலை மிகுந்த உறுப்பு என்பதால் அவன் அஞ்சியது இயல்பே. ஆனால் அந்தப் புகைப்படத்தை மட்டும் வைத்துக் கோளாறு எந்த உறுப்பில் என்று சொல்ல முடியாது. எனவே அதே காட்சியை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து, கைப்பேசிக்கு மாற்றித் திறந்து பார்க்கச் சொன்னேன்.

திரையில் நாம் காணும் ஒவ்வொரு படமும் முதலில் கார்டின் நினைவகத்தில் எண்களாக எழுதப்படுகிறது. 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் மானிட்டருக்கு ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 30 கோடிப் புள்ளிகளின் நிறம் போய்ச் சேர வேண்டும். கார்டின் செயலி படத்தை வரைந்து நினைவகத்தில் வைக்க, கார்டிலேயே உள்ள இன்னொரு பகுதி அதை வரிவரியாகப் படித்துக் கேபிள் வழியே அனுப்புகிறது. ஸ்கிரீன்ஷாட் என்பது நினைவகத்தில் இருக்கும் அந்தப் படத்தின் நகல். அதற்குக் கேபிளோடும் மானிட்டரோடும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே நகலிலும் கட்டங்கள் தெரிந்தால் படம் உருவாகும் இடத்திலேயே பிழை நேர்ந்திருக்கிறது. நகல் தெளிவாக இருந்தால், கார்டின் வெளியீட்டு முனையிலிருந்து மானிட்டர் வரையுள்ள வழியைத்தான் ஐயுற வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிதைவின் வடிவமும் பேசும். கேபிள் தளர்ந்தாலோ, கேட்கப்படும் வேகத்தை அதனால் தாங்க முடியாவிட்டாலோ, வெண்புள்ளிகள் மின்னி மறையும். அல்லது திரை சில நொடிகள் கறுத்து மீளும். ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் செங்குத்துக் கோடு பெரும்பாலும் மானிட்டருடையது. மானிட்டரின் பொத்தானை அழுத்தும்போது வரும் பட்டியலை அந்த மானிட்டரே வரைகிறது என்பதால், கோடு அப்பட்டியலையும் வெட்டிக்கொண்டு சென்றால் கணினியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. விளையாட்டில் உருவங்களின் மூலைகள் முட்களைப் போல நீண்டு தெறித்தால், முக்கோணங்களின் முனைகளைக் குறிக்கும் எண்கள் கெட்டுவிட்டன என்று பொருள். ஒழுங்கான கட்டங்களோ நினைவகத்தை நோக்கி விரல் நீட்டுகின்றன. அங்கே படத்தின் தரவு சிறு சிறு துண்டங்களாகப் பிரித்து வைக்கப்படுவதால், ஒரு சில்லிலோ ஒரு இணைப்பிலோ நேரும் பிழை, அச்சுப் பதித்ததுபோல ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது.

அவன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டிலும் அந்தக் கட்டங்கள் இருந்தன.

மென்பொருளா, வன்பொருளா என்பது அடுத்த கேள்வி. விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையிலேயே சிதைவு தெரிந்தால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் குறை சொல்ல இடமில்லை, ஏனெனில் அது இன்னும் ஏற்றப்படவே இல்லை. அவனுடைய பயாஸ் திரை தெளிவாக இருந்தது. டிரைவரை முழுமையாக நீக்கிப் புதிதாக நிறுவிய பிறகும் கட்டங்கள் வந்தன. ஆனால் ஒன்றைக் கவனித்துச் சொன்னான்: காலையில் கணினியைப் போட்டவுடன் வருவதில்லை, விளையாடத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆனபின் வருகிறது. அந்த ஒரு செய்தி பாதி வேலையை முடித்துவிட்டது. நினைவகச் சில்லுகளுக்குள் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்னூட்டமாகத்தான் சேமிக்கப்படுகிறது. வெப்பம் கூடக் கூட அந்த மின்னூட்டம் விரைவில் கசிகிறது, சைகைகள் வந்து சேரும் நேரமும் பிசகுகிறது, அதனால் 0 என்பது 1 ஆகவும் 1 என்பது 0 ஆகவும் படிக்கப்படலாம்.

மின்னிணைப்பை நீக்கிக் கேபினெட்டைத் திறந்து பார்த்தோம். அவர்கள் வீட்டுக்கு அருகில் கிரானைட் அறுக்கும் கூடம் ஒன்று உண்டு. மாவு போன்ற சாம்பல் நிறத் தூள் கார்டின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே கம்பளி போலப் படிந்து காற்றை முழுவதுமாக அடைத்திருந்தது. மென்மையான தூரிகையாலும் புளோயராலும் அதை நீக்கினோம். அப்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் விசையில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். கூடுதல் மின்சாரம் தரும் 8 முனை இணைப்பையும் கழற்றி அழுத்திப் பொருத்தினோம், ஏனெனில் 150 வாட் வரை கடக்க வேண்டிய அந்த முனை தளர்ந்திருந்தாலும் கார்டு தடுமாறும். வேகம் கூட வேண்டுமென்று அவன் உயர்த்தி வைத்திருந்த நினைவக வேகத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம்.

இத்தகைய கார்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று ஒரு வழிமுறை உலவுகிறது; தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். சூட்டில் உள்ளிணைப்புகள் விரிந்து சில நாட்களுக்குத் தொடர்பு ஏற்படலாம், ஆனால் விரிசல் அப்படியே இருக்கும், வெளிவரும் புகையும் நச்சுத்தன்மை உடையது.

கட்டங்கள் இப்போது அரை மணி நேர ஆட்டத்துக்கு வருவதில்லை. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஓரிரண்டு தலைகாட்டுகின்றன. சில்லுகளுக்கும் தகட்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் மெத்தைகள் காய்ந்து இறுகியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அவற்றின் தடிமன் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தகடு சரியாகப் பொருந்தாது என்பதால், பழைய மெத்தையின் தடிமனை அளந்து எழுதி வைத்திருக்கிறோம். புதியவை வந்து சேரும்வரை, கார்டு அதிகம் சூடேறாமலிருக்க, விளையாட்டை வினாடிக்கு 60 படங்களுக்கு மேல் போகாதபடி அவன் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறான்.