புது மானிட்டரைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அதன் மெனுவைத் திறந்து பாருங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கணினிப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத மானிட்டரை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து, "படம் சரியில்லை, மாற்றித் தரச் சொல்லலாமா?" என்று கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் மானிட்டரில் எந்தக் குறையும் இருப்பதில்லை. கணினி அனுப்பும் படம் தவறான அளவில் போயிருக்கும், அல்லது வழியில் கெட்டிருக்கும். உண்மையிலேயே பேனல், அதாவது படம் தெரியும் தட்டு, கெட்டுப்போன சிலரோ, செட்டிங்ஸில் ஏதோ பிசகு என்று நினைத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறார்கள். இந்த இரு சாராரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஸ்ரீராமபுரத்தில் திருமணப் பத்திரிகைகளுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் டிடிபி செய்து கொடுக்கும் ஓர் அக்கா சில மாதங்களுக்கு முன் அழைத்திருந்தார். புதிதாக 27 அங்குல மானிட்டர் வாங்கியிருந்தார். "தம்பி, புள்ளியே தெரியல. 'கல்யாணம்'னு அடிச்சா 'கலயாணம'னு தெரியுது" என்றார். நேரில் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது மிகையில்லை என்று புரிந்தது. சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் மேலிருந்த புள்ளி சாம்பல் நிறத்தில் கரைந்து கிடந்தது. ண, ன வேறுபாட்டை உற்றுப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு இந்த மங்கல் வெறும் எரிச்சல்தான். தமிழில் மெய்ப்பு பார்ப்பவருக்கோ அது பிழையாகவே அச்சேறும். புது மானிட்டர் வந்த நான்கு நாளில் அவரிடமிருந்து அச்சுக்குப் போன பத்திரிகை ஒன்றில் 'அழைக்கிறோம்' என்பதன் கடைசிப் புள்ளி விடுபட்டிருந்தது.

நான் முதலில் செய்தது ஒன்றுதான். மானிட்டரின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி அதன் மெனுவைத் திறந்தேன். திரையின் மூலையில் விரியும் அந்தச் சிறு கட்டத்தைக் கணினி வரைவதில்லை; மானிட்டர் தானே வரைகிறது. கேபிள், கணினிக்குள் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் ஆகிய எதற்கும் அதில் பங்கு கிடையாது. ஆகவே மெனுவின் எழுத்து கத்தியால் நறுக்கியதுபோல் தெளிவாக இருந்து, பக்கத்திலேயே கணினியின் எழுத்து மங்கலாக இருந்தால், பேனல் நன்றாக இருக்கிறது என்றும் கோளாறு மானிட்டருக்கு முன்னாலேயே எங்கோ நிகழ்கிறது என்றும் துணிந்து சொல்லிவிடலாம். மாறாக, ஒரு கோடு அந்த மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால், அல்லது மெனுவும் சேர்ந்து விட்டுவிட்டு மினுக்கினால், கோளாறு மானிட்டரிலேயே இருக்கிறது; கேபிளை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அக்காவின் மெனு தெளிவாக இருந்தது.

அதே மெனுவில் தகவல் பக்கம் ஒன்று இருக்கும். உள்ளே வரும் படத்தின் அளவை அது காட்டும். அக்காவுடையது 1920 × 1080 பிக்சல் (படத்தின் மிகச் சிறு புள்ளி) கொண்ட மானிட்டர். உள்ளே வந்துகொண்டிருந்ததோ 1600 × 900. எல்சிடி பேனலில் பிக்சல்கள் கண்ணாடியில் பதித்த கட்டங்கள் போன்றவை. அவற்றின் எண்ணிக்கை கூடவோ குறையவோ செய்யாது. 5 பிக்சலுக்கு வரைந்த படத்தை 6 பிக்சலில் நீட்டிப் பரப்ப வேண்டி வந்தால், ஒற்றைப் பிக்சல் புள்ளி இரண்டு பிக்சலில் பாதி பாதியாக வழிந்து சாம்பல் நிறமாகிவிடும். காணாமல் போன புள்ளிகளெல்லாம் இப்படித்தான் கரைந்திருந்தன.

காரணம் கணினிப் பெட்டியின் பின்னால் இருந்தது. மானிட்டரைப் பொருத்த வந்த பையன், பழைய அனலாக் இணைப்பான விஜிஏ கேபிளைக் கழற்றாமல், அதன் நுனியில் அதை டிஜிட்டல் இணைப்பான எச்டிஎம்ஐக்கு மாற்றும் விஜிஏ–எச்டிஎம்ஐ மாற்றி ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருந்தான். எந்த மானிட்டரும் தன் பெயர், அளவு, தனக்கு ஏற்ற ரெசல்யூஷன் (பிக்சல் எண்ணிக்கை) ஆகியவற்றைச் சொல்லும் இடிஐடி என்ற சிறு குறிப்பைக் கணினியிடம் நீட்டும். நடுவில் அந்த மாற்றி நின்றதால் குறிப்பு போய்ச் சேரவில்லை; கணினி பழைய மானிட்டருக்கான அளவையே அனுப்பிக்கொண்டிருந்தது. அதே பெட்டியில் நேரடி எச்டிஎம்ஐ போர்ட் ஒன்று தூசி படிந்து சும்மா இருந்தது. அதில் நேராக ஒரு கேபிளைப் போட்டு, செட்டிங்ஸில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று குறித்திருக்கும் அளவைத் தேர்ந்ததும் புள்ளிகள் திரும்பி வந்தன.

ஆனாலும் அக்காவின் முகம் முழுதாகத் தெளியவில்லை. "பக்கத்துல பார்த்தா எழுத்து சொரசொரன்னு இருக்கே?" என்றார். அதுவும் உண்மைதான், ஆனால் அதற்குச் சரிசெய்ய வழியில்லை. அதே 1920 × 1080 பிக்சல் 24 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 92 என்ற அடர்த்தியில் அமையும். 27 அங்குலத்தில் 82 ஆகக் குறைந்துவிடும். 14 அங்குல மடிக்கணினியில் இதே எண்ணிக்கை அங்குலத்துக்கு 157. மடிக்கணினியையும் கைப்பேசியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பெரிய திரை கோலப்பொடியில் போட்ட எழுத்தாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் 2560 × 1440 வாங்க வேண்டும். அப்போது அடர்த்தி 109 ஆகும். அங்குலத்தைப் பெரிதாகவும் ரெசல்யூஷனைப் பொடி எழுத்திலும் அச்சிட்டு விற்பதுதான் இந்தச் சந்தையின் வழக்கம் என்பதால், வாங்குபவரே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மெனுச் சோதனையோடு ஸ்கிரீன்ஷாட் சோதனையையும் சேர்த்துக்கொண்டால் கோளாற்றின் இடம் இன்னும் குறுகும். குறை தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைக் கைப்பேசிக்கு அனுப்பி, பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் குறை கைப்பேசியிலும் தெரிந்தால், படம் கணினிக்குள் வரையப்படும்போதே கெட்டிருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கும் விகிதத்தை 125 அல்லது 150 சதவீதமாக வைக்கும்போது சில பழைய மென்பொருள்கள் மட்டும் மங்கலாவதும், எழுத்தோரங்களில் சிவப்பும் நீலமும் கசிவதும் இந்த வகை. கிளியர்டைப் என்ற எழுத்துச் சீர்மையை ஒருமுறை அமைத்துக்கொண்டால் பின்னது பெரும்பாலும் குறையும். மெனுவும் ஸ்கிரீன்ஷாட்டும் சுத்தமாக இருந்தால் கோளாறு அதற்குப் பிறகு, கேபிளிலோ சிக்னலின் வகையிலோ இருக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு: மாலையானதும் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியின் நிறம் பொதுவாக ஸ்கிரீன்ஷாட்டில் பதிவதில்லை. பேனல் மஞ்சளடித்துவிட்டது என்று பதறி வந்தவர்களிடம், அந்த ஒரு சுவிட்சை அணைத்துக் காட்டிக் காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

நிறம் வெளுத்திருப்பது அடுத்த புகார். அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவர், அலுவலக மடிக்கணினியில் பளிச்சென்று இருக்கும் படம் வீட்டு மானிட்டரில் சாம்பல் பூசியதுபோல் தெரிகிறது என்றார். எச்டிஎம்ஐ தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் பொதுவான வழி. அதில் வெளிச்சத்தின் அளவு எண்ணாகப் போகும்; தொலைக்காட்சி மரபில் கறுப்பு 16 என்ற எண்ணிலும் வெள்ளை 235 என்ற எண்ணிலும் அமையும். கணினி மரபில் 0 முதல் 255 வரை. எதிரில் இருப்பது தொலைக்காட்சி என்று கிராபிக்ஸ் கார்டு எண்ணிக்கொண்டு 16-ஐக் கறுப்பாக அனுப்ப, மானிட்டர் அதைக் கணினிக் கணக்கில் படித்தால், கறுப்பு எங்கும் சாம்பலாகும். கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்ஸில் வண்ண வரம்பை 'ஃபுல்' என்று மாற்றினால் சரியாகிவிடும். இது எதிர்த்திசையிலும் தவறலாம்: அப்போது இருண்ட காட்சிகளில் தலைமுடியும் சட்டை மடிப்பும் ஒரே கறுப்பாக விழுங்கப்படும்.

கறுப்புப் பின்னணியில் எழுதிய சிவப்பு எழுத்து மட்டும் பிசிறடித்தால் வேறு காரணம். நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும் 4:2:0 அல்லது 4:2:2 முறையில் சிக்னல் போகிறது என்று பொருள். திரைப்படத்துக்கு இது உறைக்காது. எழுத்துக்கு உடனே உறைக்கும். பழைய போர்ட்டில் 4கே (3840 × 2160 பிக்சல்) மானிட்டரை இணைத்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் முழு நிறத்தோடு விநாடிக்கு 30 முறை மட்டுமே போக முடியும். 60 முறை வேண்டுமென்றால் 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 அல்லது இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தேவை. மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்ந்தால் 30-இல் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, விண்டோஸ் தானாக வைத்த 60-இலேயே மாதக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு. 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பக்கத்தில் அதைக் கையால் மாற்ற வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, கேபிளைக் கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டின் போர்ட்டிலேயே விட்டுவைப்பது இதைவிடப் பரிதாபம்; மானிட்டர் அந்தக் கார்டோடு இணையவே இல்லை.

மானிட்டரின் மெனுவுக்குள்ளேயும் சில வில்லங்கங்கள் இருக்கின்றன. ஷார்ப்னஸைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று எண்ணி முழுதாக ஏற்றுவார்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழும். தொழிற்சாலை அளவுக்கே அதைத் திருப்பிவிடுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்டும் மின்சிக்கன முறையும் படத்துக்கேற்ப வெளிச்சத்தை ஏற்றியிறக்குவதால், வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கத்துக்கு மாறும்போது திரை மூச்சு விடுவதுபோல் இருக்கும். பிக்சல் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தால் நகரும் பொருளின் பின்னால் வெளிறிய நிழல் தொடரும்.

வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சை விரித்துக் காட்டும் எச்டிஆர் வசதியின் விஷயத்தில் நானே தவறு செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நிறமெல்லாம் சோகை பிடித்ததுபோல் இருக்கிறது என்று வந்த ஒரு வாடிக்கையாளரிடம், பேனல் சரியில்லை, மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மாற்றி வந்த மானிட்டரும் அப்படியே இருந்தது. விண்டோஸில் எச்டிஆர் இயங்கிக்கொண்டிருந்ததையும், பெயரளவுக்கு மட்டும் எச்டிஆர் போட்ட மலிவு மானிட்டர்களில் சாதாரணப் படங்கள் அதனால் வெளுத்துத் தெரிவதையும் அன்று நான் பார்க்கத் தவறியிருந்தேன். இரண்டு வாரம் அவர் மானிட்டரில்லாமல் இருந்தார். அன்றிலிருந்து மெனுவையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.

திரை ஓரிரு விநாடி கறுத்து மீண்டால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், நீளமான மலிவுக் கேபிளாக இருந்தால் இன்னும் கூடுதலாக. காற்று வறண்டிருக்கும் மாதங்களில், வாயு உருளை உள்ள சுழல் நாற்காலியிலிருந்து ஆள் எழும் கணத்தில் மட்டும் திரை கறுத்துப்போவதை நானே கண்டிருக்கிறேன். நாற்காலியில் பிறக்கும் நிலைமின்சாரத் துடிப்பு, சரியான கவசமில்லாத கேபிளில் ஏறிவிடுகிறது. பேய்க்கதைபோல இருந்தாலும் நல்ல கேபிள் போட்டதும் நின்றுவிட்டது.

இனி, மெய்யான பேனல் குறைகள். படுத்தும் நிமிர்ந்தும் திரை முழுதும் ஓடும் கோடு, ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறிய பட்டை, மெனுவையும் சேர்த்துப் பாதிக்கும் மினுக்கல் ஆகியவற்றில் தயக்கமே வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள். புள்ளிக் குறைகளில் வழக்கு வேறு. ஃபுல் எச்டி (1920 × 1080) திரையில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பிக்சல்களும், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்களும் இருக்கின்றன. 2008-இல் வந்த ஐஎஸ்ஓ 9241-307 தரநிலை, எப்போதும் எரியும் புள்ளி, எப்போதும் கறுத்த புள்ளி என்று பிரித்து, வகுப்புவாரியாக எத்தனை அனுமதிக்கலாம் என்று வரையறுக்கிறது. அதனால் ஒரே ஒரு கறுப்புப் புள்ளிக்கு உற்பத்தியாளர் வாரண்டியில் மாற்ற மறுக்கலாம். அந்த நிறுவனத்தின் பிக்சல் கொள்கையை வாங்குமுன் படித்துவிடுங்கள். புள்ளியை விரலால் அழுத்தித் தேய்க்கச் சொல்லும் காணொளிகளை நம்பி, ஒரு புள்ளியைக் உள்ளங்கை அகலத்துக்குக் கறையாக்கிக் கொண்டுவந்தவரைப் பார்த்திருக்கிறேன். அழுத்திய கறைக்கு வாரண்டி கிடையாது.

இருட்டறையில் கறுப்புப் படத்தை வைத்தால் மூலைகளில் வெளிச்சம் தெரியும். தலையை இடம் வலமாக நகர்த்திப் பாருங்கள். வெளிச்சமும் கூடவே நகர்ந்து மாறினால் அது ஐபிஎஸ் என்ற வகைப் பேனலின் இயல்பு. எவ்வளவு மாற்றினாலும் அடுத்ததிலும் இருக்கும். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் பேக்லைட் கசிவு, அதாவது பேனலுக்குப் பின்னாலுள்ள விளக்கின் ஒளி கசிவது. இதைக் கைப்பேசியில் படமெடுத்தால் கேமரா தானாக வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளும், சிறு கசிவும் தீப்பிடித்ததுபோல் தெரியும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டு எடுத்த படத்தையே புகாரோடு இணையுங்கள்.

பல இணைய விற்பனைத் தளங்கள் திருப்பி அனுப்ப 7 அல்லது 10 நாள்தான் கொடுக்கின்றன. பெட்டி பிரிக்கும்போதே காணொளி எடுத்து, அன்று மாலையே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெற்றுப் படங்களைத் திரை முழுக்க வைத்துப் பார்த்துவிட வேண்டும். குறையை எடுத்துச் சொல்லும்போது, மெனுவும் குறையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுத்த படம் வாடிக்கையாளர் சேவையில் நடக்கும் பாதி வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும். விற்றவர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பெட்டியையும் உள்ளிருக்கும் தெர்மாகோல் அச்சையும் கெடு முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். அவை இல்லாமல் துணி சுற்றி அனுப்பிய நல்ல மானிட்டர் ஒன்று, கூரியரில் போய்க் கீறலோடு திரும்பி வந்து, இன்றும் என் கடை அலமாரியில் இருக்கிறது.