பாட்டை வைத்து ஆளை அளக்காதீர்கள்

எங்கள் பேண்டின் ஒரு பாட்டில் ஒருவன் தன் வீட்டைத் தானே கொளுத்துகிறான். இன்னொன்றில் ஒருவன் மருத்துவமனை வராந்தாவில் நின்று, காரணம் சொல்லாமல் சிரிக்கிறான். மூன்றாவதில் ஒரு பெண் தன் தம்பியைக் கடைசிவரை மன்னிக்க மறுக்கிறாள். மூன்றுக்கும் வரிகள் எழுதியவன் நான்தான். நான் எதையும் கொளுத்தியதில்லை, எனக்குத் தம்பியும் கிடையாது.

இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. கச்சேரி முடிந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருக்கும்போது மேடையோரம் வந்து, "அண்ணா, அந்தப் பாட்டு உங்களுக்கு நடந்ததுதானே?" என்று கேட்பவர்களின் முகத்தில், ஆமாம் என்ற பதிலை எதிர்பார்க்கும் ஆவல் தெரியும். சிறுகதை எழுதுபவரிடம் அவ்வளவாக யாரும் இப்படிக் கேட்பதில்லை. பாட்டில் 'நான்' என்று ஒரு தொண்டை உரக்கக் கத்துவதால் அது வாக்குமூலம்போல ஆகிவிடுகிறது. ஆனால் கபிலர் தலைவி கூற்றாகப் பாடியிருக்கிறார். அவரைத் தலைவி என்று யாரும் நினைத்ததில்லை. பேசுவது யார் என்று பார்த்துவிட்டுப் பாட்டைப் படிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. எலெக்ட்ரிக் கிட்டார் ஒலித்ததும் அதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

அதற்காக எல்லாமே கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். அந்த வராந்தாச் சிரிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன், சிரித்தவர் வேறொருவர். பார்த்தது, கேட்டது, பயந்தது எல்லாம் கலந்துதான் ஒரு வரி வருகிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியாது.

தொழில் ரகசியம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் பேண்டில் முதலில் வருவது ரிஃப், அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஒரு சின்ன இசைத்துணுக்கு. அதன்மேல் பாடகர் வாய்க்கு வந்ததை முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பின் அசைகளுக்குத்தான் பிறகு நான் சொற்கள் தேடுகிறேன். 'பீட்டில்ஸ்' குழுவின் பால் மெக்கார்ட்னி 'யெஸ்டர்டே' மெட்டுக்கு முதலில் முட்டைப் பொரியலைப் பற்றிய தற்காலிக வரிகளைத்தான் வைத்திருந்தார். கோரஸில், அதாவது பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வரும் பகுதியில், குரல் உச்சிக்குப் போகும் இடத்தில் 'ஆ' போன்ற திறந்த உயிரொலி இருந்தால் பாடகருக்கு வசதி. 'உ' வந்தால் குரல் அடைத்துக்கொள்ளும். 'வானம்' என்ற சொல் எங்கள் பாட்டு ஒன்றில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருவர் நீளமாக, அழகாக ஒரு விளக்கம் எழுதியிருந்தார். விடுதலை, மரணம், மறுமை எல்லாம் அதில் இருந்தன. அந்த 'வா' பாடகரின் தொண்டைக்காக வைத்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருடைய வாசிப்பும் பாட்டுக்கு நன்றாகத்தான் பொருந்துகிறது.

வரிகளை மட்டும் எழுதிவைத்துப் பொருள் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதியை டிரம்ஸ் சொல்லும், வேகம் சொல்லும், கோரஸ் சொல்லும். இதற்கு அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவனுக்கு வேலையும் இல்லை, போக்கிடமும் இல்லை என்பதுதான் அதன் கதை. ஆனால் 1984-இல் வந்த பதிவில் சின்தசைசரும் டிரம்ஸும் வெற்றி ஊர்வலம்போல முழங்குகின்றன. அரங்கத்தில் இருப்பவர்களுக்கு 'அமெரிக்காவில் பிறந்தவன்' என்ற கோரஸ் மட்டும்தான் காதில் விழும், கைமுட்டியை உயர்த்திக் கூடவே பாடுவார்கள். அதே ஆண்டு தேர்தல் பிரசாரத்தில் அன்றைய அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்கள் தரும் நம்பிக்கையைப் பற்றி நியூ ஜெர்சியில் பேசினார். இந்தப் பாட்டையே ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் தனியாகக் கிட்டாரோடு பதிவுசெய்திருந்தார். அது 1998-இல்தான் வெளியானது. வரிகள் பெரும்பாலும் அவைதான், ஆனால் அதைக் கேட்டு யாரும் பெருமையாகத் தேசியக் கொடியை அசைக்க மாட்டார்கள். சிலர் முழங்கும் அந்த 1984 பதிவைத் தவறு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கசப்பும் பெருமிதமும் ஒரே மனிதனுக்குள் இருக்கலாம். ஆனால் புதிதாக எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மூன்று வெர்ஸில் (சரணத்தில்) சொன்னதை ஒரு கோரஸ் அழித்துவிடும்.

'தி போலீஸ்' குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' (1983) இதற்கு நேர்மாறு. மெட்டு தாலாட்டுப்போல இருக்கிறது. பாடுபவனோ ஒருத்தியின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிப்பவன். பொறாமையையும் உடைமை வெறியையும் பற்றிய பாட்டு என்று, அதை எழுதிப் பாடிய ஸ்டிங்கே பலமுறை சொல்லியிருக்கிறார். கல்யாணங்களில் அது இன்றும் ஒலிக்கிறது. ஒலிக்கட்டும், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. எங்களிடமும் அப்படி ஒரு பாட்டு உண்டு, பிரிந்துபோனவளின் தெருவில் இரவில் நிற்பவன் பாடுவது. அதைக் காதலிக்கு அனுப்பியதாகப் பையன்கள் சொல்லும்போது மட்டும் நான் பேசாமல் இருப்பதில்லை. "தம்பி, அவன் நல்லவன் இல்லை" என்று சொல்லிவிடுவேன். அவன் பார்வையில் எழுதினேன் என்பதற்காக அவன் பக்கம் நிற்கிறேன் என்று ஆகிவிடாது.

எழுதியவன் சொல்வதே கடைசித் தீர்ப்பு என்றும் நம்பிவிட வேண்டாம். ஒரு பேண்டுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் 1980 ஆல்பத்தில் 'சூசைட் சொல்யூஷன்' என்ற பாட்டு இருக்கிறது. குடி மெல்ல மெல்ல ஆளைக் கொல்வதைப் பற்றியது. 'ஏசி/டிசி' பாடகர் பான் ஸ்காட்டின் மரணத்தை மனத்தில் வைத்துச் செய்தது என்றார் ஓஸி. வரிகளை எழுதிய பேஸ் கிட்டார் கலைஞர் பாப் டெய்ஸ்லியோ, ஓஸியைப் பற்றித்தான் எழுதினேன் என்றார். பாடியவருக்கே தெரியாமல் அவரைப் பற்றிய பாட்டு! பிறகு அமெரிக்காவில் ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டபோது, இந்த இசைதான் காரணம் என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு தள்ளுபடியானது. 1988-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அந்தப் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். எங்களுக்கும் அவ்வப்போது ஒரு தாயோ தந்தையோ எழுதுகிறார்கள்: "என் பையன் உங்கள் பாட்டையே இரவெல்லாம் கேட்கிறான், அதில் சாவு வருகிறது, பயமாக இருக்கிறது." சிலர் ஹெட்ஃபோனைப் பிடுங்கிவைத்திருப்பார்கள். நான் மனநல மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இருண்ட பாட்டைக் கேட்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதில் ஆறுதல் தேடுபவர்கள். தங்களால் சொல்ல முடியாததை வேறொருவர் சொல்லிவிட்டதில் ஒரு நிம்மதி. பாட்டை மட்டும் வைத்துப் பையனை அளக்க முடியாது. கவனிக்க வேண்டியது அவன் நடத்தையை: தூக்கம், சாப்பாடு, நண்பர்களிடமிருந்து விலகல், தான் எல்லோருக்கும் பாரம் என்ற பேச்சு, பிரியமான பொருள்களைத் திடீரென்று கொடுத்துவிடுவது. இவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது மனநலத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

பாட்டைப் பிடுங்குவதற்குப் பதிலாக அவனோடு உட்கார்ந்து ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். சத்தம் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. "இது என்ன பாட்டு?" என்று கேட்டால் சண்டைதான் வரும். "இதில் உனக்கு எந்த வரி பிடிக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு வரும். அந்த வரி நான் நினைத்த வரியாக இருக்காது, நீங்கள் பயந்த வரியாகவும் இருக்காது.

கேட்பவர்களே எங்களுக்கு எழுதும்போது வேறு விதமாக நடந்துகொள்கிறோம். பாட்டின் பொருளைப் பற்றிக் கேட்டால் தாராளமாகப் பேசுவேன், என் விளக்கத்தை மட்டும் கடைசியில்தான் சொல்வேன். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு சொல் வந்தாலும் பாட்டுப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறேன். இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டு, அவர்கள் பகுதியின் உதவி எண்ணைத் தேடி அனுப்புகிறேன். எங்கள் டிரம்மர் அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்வார். அதனால் அப்படிப்பட்ட செய்திகள் இப்போது அவருக்கும் சேர்த்தே போகின்றன.